வீட்டில் ஏர் பிஸ்டல் பழுது பார்ப்பவர்களுக்கு: கேள்வி பதில்

இங்கே நான் பதில் சொல்வது 4.5 மில்லிமீட்டர் குண்டு போடும் ஸ்பிரிங் ஏர் பிஸ்டலைப் பற்றி மட்டுமே. எதைத் தொடுவதற்கு முன்னும் குழாயை மடக்கி, உள்ளே குண்டு இல்லை என்பதைக் கண்ணால் பாருங்கள்.

பேட்டையிலிருந்து: அண்ணாச்சி, குண்டு அட்டையைத் துளைக்காமல் விழுகிறது. ஸ்பிரிங்கை மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் குழாய் மடங்கும் இணைப்பில் உள்ள ரப்பர் வளையத்தைச் சோதியுங்கள். மெல்லிய தாள் துண்டு ஒன்றை அந்த இணைப்பின்மேல் வைத்து, குண்டு போட்டு, மணல் நிரப்பிய பெட்டியை நோக்கிச் சுடுங்கள். தாள் துள்ளினால் காற்று அங்கேதான் கசிகிறது. பழைய வளையத்தை ஊசியால் கிளறினால் பள்ளத்தில் கீறல் விழும், பிறகு புது வளையமும் நிற்காது. ஆகவே கூர் சீவிய ஈர்க்குச்சியால் மெல்ல நெம்பி எடுங்கள். என்னிடம் வந்தவற்றில் பல, இந்த ஒரு வளையத்தை மாற்றியதும் சரியாகிவிட்டன.

ஸ்பிரிங், விசையேற்றாத நிலையிலும் அழுத்தத்தில்தான் இருக்கிறது. நான் முதன்முதலில் பிரித்தபோது, பின்மூடியைப் பிடித்திருக்கும் ஊசியைத் தட்டி எடுத்த நொடியில் அந்த மூடி பறந்து எங்கள் வீட்டுக் கூரை ஓட்டை உடைத்தது. அது பறந்த வழியிலிருந்து என் முகம் ஒரு சாண்தான் விலகியிருந்தது.

அம்பாசமுத்திரத்திலிருந்து: உள்ளே தேங்காய் எண்ணெய் விடலாமா?

கூடாது.

தென்காசியிலிருந்து: ஏன் கூடாது? எங்கள் வீட்டில் அரிவாள் முதல் பூட்டு வரை அப்பா காலத்திலிருந்தே அதுதான்.

அரிவாளுக்கு விடுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் ஸ்பிரிங் தள்ளி பிஸ்டன் பாயும்போது காற்றறைக்குள் காற்று மிக வேகமாக அழுந்திச் சட்டென்று சூடாகிறது. அங்கே எண்ணெய்த் துளி இருந்தால் டீசல் எஞ்சினில் நடப்பதுபோல் அது தீப்பற்றி வெடிக்கும், சத்தம் கூடும், புகை வரும், பிஸ்டன் முனையில் காற்று கசியாமல் அடைக்கும் சீல் கருகும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நாளாக நாளாக அது பிசினாகவும் மாறும்.

களக்காட்டிலிருந்து: அப்படியானால் தையல் மெஷின் எண்ணெய்?

அதுவும் எண்ணெய்தான், காற்றறைக்குள் அதுவும் எரியும். வெளி உலோகத்தில் துணியால் பட்டும் படாமலும் தடவலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் துருப்பிடிக்காமல் இருக்க அது போதும். பஞ்சு உறைக்குள் மூடி வைக்காதீர்கள், அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

தென்காசியிலிருந்து மீண்டும்: பத்து வருடமாக விடுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே?

பிஸ்டன் சீலைக் கழற்றிப் பார்க்கும் நாளில் எழுதுங்கள், பேசுவோம்.

பாளையங்கோட்டையிலிருந்து: தாத்தாவின் லைசென்ஸ் பிஸ்டல் சிக்கிக்கொள்கிறது. நாமே பிரிக்கலாமா?

வேண்டாம். அது தோட்டா போடும் துப்பாக்கி. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி அதைப் பழுது பார்க்கும் தொழிலுக்கே தனி உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற கடைக்கு, உரிமம் யார் பெயரில் உள்ளதோ அவரே எடுத்துச் செல்லட்டும்.

சேரன்மகாதேவியிலிருந்து: குண்டு போடாமல் சும்மா சுட்டுப் பார்க்கலாமா?

கூடாது. குண்டு தடுத்து நிறுத்தும் காற்றுதான் பிஸ்டனுக்கு மெத்தை. அது இல்லையென்றால் பிஸ்டன் அறையின் முனையில் நேராக மோதும்.

கடையத்திலிருந்து: ஸ்பிரிங்கை அழுத்தும் கருவி இல்லாமல் கையாலேயே மாற்றலாமா?

உடைந்த ஓட்டின் கதையை மேலே சொல்லிவிட்டேன். மாற்றக் கூடாது.

நாங்குநேரியிலிருந்து: காட்டுப்பன்றியை இதனால் விரட்டலாமா?

முடியாது; காயம் மட்டுமே படும். வனத்துறையில் மனு கொடுங்கள்.

வள்ளியூரிலிருந்து: போட்டியில் ஆடுபவர்களின் துப்பாக்கியும் பழுதாகுமா?

ஆகும். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவே இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. அதைச் சரிசெய்வதில் போட்டி நேரம் கரைந்தது. அவர்தான் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வென்றார்.

முக்கூடலிலிருந்து: மாட்டி முடித்த பிறகு ஒரு சிறு வாஷர் மிச்சமாகிவிட்டது. ஆனாலும் சுடுகிறது.

இனி ஒரு குண்டுகூடப் போடாதீர்கள். வெள்ளை வேட்டியை விரித்து, பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையில் இடமிருந்து வலமாக வைத்து, ஒவ்வொரு படியையும் போனில் படமெடுங்கள். ஸ்பிரிங்கைத் தொட வேண்டிய இடம் வந்தால் நிறுத்திவிட்டு, வாஷரின் படத்தை எனக்கு அனுப்புங்கள்.