மின்சார காரா, பெட்ரோல் காரா: செலவுக் கணக்கு, கேள்வி பதில்

வீட்டில் நான்கு வருடமாக இரண்டு வகை காரும் இருக்கின்றன. இரண்டின் செலவையும் நோட்டில் எழுதி வருகிறேன். தமிழ்நாட்டு நிலவரம்தான் எனக்குத் தெரியும், கேளுங்கள்.

தாம்பரம்: மாதம் 1,000 கி.மீ. ஓட்டுகிறேன். மின்சார கார் 3 லட்சம் கூடுதல். அந்தப் பணம் எப்போது திரும்பும்?

பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், ஊருக்குள் 14 கி.மீ. கிடைக்கிறது என்று வைத்தால் கி.மீ.க்கு 7.20 ரூபாய். மின்சார காரில், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால், வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு 6 கி.மீ. உங்கள் ஓட்டத்துக்கு இரண்டு மாதத்தில் 333 யூனிட் ஆகும்.

விற்பவர்கள் யூனிட் 5 ரூபாய் என்று போட்டுக் காட்டினால் நம்பாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே 400 யூனிட் ஓடினால் பில் சுமார் 1,200 ரூபாய். கார் வந்ததும் 733 யூனிட். 500-ஐத் தாண்டிய உடனே முந்தைய யூனிட்டுகளின் ரேட்டும் ஏறிவிடும். பில் 4,200 ரூபாய் அளவுக்கு வரும். அதாவது காருக்காக ஏறிய யூனிட் ஒவ்வொன்றும் 9 ரூபாய், கி.மீ.க்கு 1.50.

மிச்சம் கி.மீ.க்கு 5.70. 3 லட்சத்தை எடுக்க சுமார் 53,000 கி.மீ. ஓட வேண்டும். உங்களுக்கு நாலரை வருடம். கடன் வாங்கினால் அந்த 3 லட்சத்துக்கான வட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணம்: எனக்கு மாதம் 400 கி.மீ.தான்.

பதினொரு வருடம் ஆகும். பெட்ரோலே வாங்குங்கள்.

வேளச்சேரி: அபார்ட்மென்டில் சார்ஜர் போட விடமாட்டேன் என்கிறார்கள். வெளியே சார்ஜ் செய்து சமாளிக்கலாமா?

வெளியே வேக சார்ஜரில் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்தோடு யூனிட் 20 ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். கி.மீ.க்கு 3.50 வரை வரும். அப்போதும் பெட்ரோலில் பாதிதான், ஆனால் வாரம் ஒரு முறை காத்திருக்க வேண்டும். முதலில் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அப்புறம் காரை புக் செய்யுங்கள்.

சேலம்: கடன் வட்டிக்கு வருமான வரியில் 1.5 லட்சம் கழிவு உண்டாமே?

80 இ.இ.பி. பிரிவு 2023 மார்ச் 31 வரை ஒப்புதல் பெற்ற கடன்களுக்கு மட்டும். இதைச் சொல்லி விற்கிறவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

மதுரை: மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறேன். என் கார் இலவசமாக ஓடுகிறது.

ஈரோடு: பேனலுக்குக் கொடுத்த பணம் எங்கே போயிற்று? இலவசம் என்று சொல்லி ஆளை ஏமாற்றாதீர்கள்.

சண்டை வேண்டாம், இதைக் கணக்கு போட்டே பார்த்துவிடலாம். 3 கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 720. மதுரைக்காரர் வீட்டுக்கு 400 என்று வைத்தால், அது போக மிஞ்சுவது 320. மாதம் 1,000 கி.மீ. ஓடும் காருக்கு வேண்டியதும் கிட்டத்தட்ட அவ்வளவே. மிஞ்சும் யூனிட்டை மின்வாரியத்துக்குக் கொடுத்தாலும் பெரிய விலை கிடைக்காததால், அவர் சொல்வது அவர் வீட்டுக்குச் சரி. நெட் மீட்டர் (நாம் வெளியே அனுப்பும் யூனிட்டை நாம் எடுக்கும் யூனிட்டில் கழிக்கும் மீட்டர்) இருப்பதால் இரவில் சார்ஜ் போட்டாலும் கணக்கில் கழிந்துவிடும்.

ஈரோடு: எங்கள் வீட்டில் ஏ.சி.யோடு 800 யூனிட் ஓடுகிறது.

உங்கள் வீட்டிலும் அதே 3 கிலோவாட் சோலார் என்றால், அது போக நிற்பது 80, பில் இல்லை. கார் சேர்ந்தால் 413, பில் சுமார் 1,250. கார் யூனிட்டுக்கு 4 ரூபாய்கூட ஆகவில்லை. இலவசம் இல்லைதான், ஆனால் 500-க்குக் கீழே நிற்கிறீர்கள் அல்லவா, லாபமே அதில்தான். 78,000 ரூபாய் மத்திய மானியம் போக பேனலுக்கு ஆன பணத்தை முழுக்க காரின் தலையில் போடுவதும் நியாயமில்லை, வீடும் அந்த மின்சாரத்தைத் தின்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உற்பத்தி குறையும், அதையும் கணக்கில் வையுங்கள்.

திருச்சி: சர்வீஸ், இன்ஷூரன்ஸ்?

இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், கிளட்ச் செலவு கிடையாது. வண்டி கனம் என்பதால் டயர் சீக்கிரம் தேயும். மூன்றாம் நபர் காப்பீட்டில் 15 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஆனால் வண்டி விலை கூடுதல் என்பதால் மொத்த பிரீமியம் பெரும்பாலும் அதிகமாகவே வரும்.

நாகர்கோவில்: யூனிட் 5 ரூபாய் போட்டால் இரண்டரை வருடத்தில் மீண்டுவிடும் என்று...

தாம்பரத்துக்கு எழுதியதைப் படியுங்கள். உங்கள் பழைய பில்லை எடுங்கள், கார் யூனிட்டைச் சேர்த்து மறுபடி பில் போடுங்கள். வேறு குறுக்குவழி இல்லை.

ஓசூர்: பேட்டரி எத்தனை வருடம் வரும்?

இதே கேள்வி என்னிடம் வருவது இது நான்காவது முறை. பல கம்பெனிகள் 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகின்றன. அதற்குள் போனால் செலவு அவர்களுடையது.

தூத்துக்குடி: மின்சார ஸ்கூட்டர்?

நான் ஓட்டியதில்லை. ஓட்டுகிறவர்களிடம் கேளுங்கள்.

கோவை: செகண்ட் ஹேண்டில் ஒரு மின்சார கார் மலிவாக வருகிறது.

பேட்டரியின் ஆரோக்கிய அளவைக் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே எடுத்து, காகிதத்தில் வாங்குங்கள். மீதி வாரண்டி இரண்டாம் உரிமையாளருக்கு மாறுமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள், சில வாரண்டிகள் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும். இரண்டும் கையில் வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.