ஷெல்ட்டியின் கண்: கேட்டதும் சொன்னதும்

யீஷூன் வாசகர்: அக்கா, பார்த்துவைத்திருக்கும் ஷெல்ட்டி (ஷெட்லண்ட் ஷீப்டாக்) நாய்க்குட்டிக்கு ஒரு கண் பழுப்பு, ஒரு கண் நீலம். 'பூனைக்கண், பார்வை இருக்காது' என்கிறார் மாமியார். வாங்கலாமா?

சாம்பல் உடம்பில் கறுப்புத் திட்டுகள் உள்ள மெர்ல் குட்டிதானே? அதற்கு நீலக்கண் இயல்பு. நிறமி குறைவு, அவ்வளவுதான். நடுப்பகல் வெயிலில் கண்ணைச் சுருக்கலாம். மாமியாரைச் சமாதானப்படுத்துவது உங்கள் பாடு. தாய், தந்தை இரண்டுமே மெர்லா என்று மட்டும் கேளுங்கள். அப்படியானால் ஒவ்வொரு குட்டியும் இரட்டை மெர்லாக, அதாவது இருவரிடமிருந்தும் மெர்ல் மரபணுவை வாங்கிக்கொண்டு பிறக்க 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. கண் சிறுத்துப்போகலாம், காதும் கேட்காமல் போகலாம்.

தெம்பனிஸ் வாசகர்: என் குட்டிக்கு இரண்டும் கரும்பழுப்பு. பரிசோதனை தேவையில்லைதானே?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கோலி, ஷெல்ட்டி, பார்டர் கோலி இனங்களில் பரம்பரையாக வரும் கோளாறு ஒன்று உண்டு. விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ரத்தக்குழாய்ப் படலம் சரியாக வளராது. வெளியே துளியும் தெரியாது. லேசாக இருந்தால் பார்வைக்குப் பாதிப்பில்லை. கடுமையானால் விழித்திரை கழன்று பார்வை போகலாம். 6 முதல் 8 வாரத்துக்குள், சொட்டுமருந்தால் கண்மணியை விரித்துப் பார்க்க வேண்டும். அப்புறம் நிறமி வளர்ந்து லேசான குறையை மூடிவிடும். மருத்துவரும் நல்ல கண் என்றே சொல்வார். வெளிநாட்டுக் குட்டி சிங்கப்பூரில் வந்து இறங்குவதற்குள் அந்த வயது தாண்டிவிடும். ஆகவே பெற்றோரின் மரபணுச் சோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் குட்டியே வேண்டாம் என்பேன்.

புங்கோல் வாசகர்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பார்டர் கோலி வளர்க்கலாமா?

முடியாது. ஷெல்ட்டி அனுமதிப் பட்டியலில் இருக்கிறது, அதுவும் வீட்டுக்கு ஒன்றுதான்.

செங்காங் வாசகர்: கண்ணில் ஓயாமல் தண்ணீர், பீளை. நந்தியாவட்டைச் சாறு விடச் சொல்கிறார் பாட்டி.

விடாதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மனிதச் சொட்டுமருந்தும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால் புண் ஆழமாகும். ஷெல்ட்டிக்கு இமை விளிம்பில் உபரி முடி முளைப்பது உண்டு. வெளிச்சத்தில் இமையை லேசாக விலக்கினால் மெல்லிய இழை ஒன்று விழியைத் தொட்டபடி நிற்கும். பிடுங்க வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டால் அன்றைக்கே போங்கள்.

ஜூரோங் வாசகர்: எங்கள் கிழவனுக்கு 10 வயது. கண்ணுக்குள் நீலச்சாம்பல் மங்கல். புரையா?

பெரும்பாலும் வயதால் லென்ஸ் இறுகுவதுதான். ஓரளவு நன்றாகவே பார்ப்பான். புரை வெள்ளையாகப் படரும். ஆனால் வெறும் கண்ணால் இரண்டையும் பிரித்துச் சொல்வது எனக்கே கஷ்டம். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது காட்டிவிடுங்கள். இடையில் சோபாவில் முட்டினான் என்றால் காத்திருக்க வேண்டாம்.