28 பேர், 25 இடம்: யாரை வெளியே வைக்கிறது?

பர்கூர் நண்பருக்கு, ஃபுட்பால் மேனேஜர்ங்கிற கம்ப்யூட்டர் கேம்ல உங்க பிரீமியர் லீக் (இங்கிலாந்தோட முதல்நிலை லீக்) அணியில 28 பேர், அதுல 19 வெளிநாட்டுக்காரங்க, 25 பேர் பட்டியல்ல அடங்கலன்னு கேட்டிருந்தீங்க. 16 வயசுப் பையனோட யூத் ஒப்பந்தமும் ஜூன் 30ல முடியுது.

யாரையும் அவசரப்பட்டு வித்துடாதீங்க. 2025–26 சீசனுக்கு, 2004 ஜனவரி 1லயோ அதுக்கப்புறமோ பிறந்தவங்களைப் பதியவே தேவையில்லை. உங்க 20 வயசு பிரேசில் பசங்க ரெண்டு பேரும் இதுல அடங்கிடுவாங்க. மீதி 17 வெளிநாட்டுக்காரங்க. ஹோம்குரோன் (சின்ன வயசுல 3 வருஷம் இங்கிலாந்து கிளப்ல இருந்தவங்க) இல்லாதவங்களுக்கு வரம்பும் அதுதான். ஹோம்குரோன் 9 பேர்ல ஒருத்தரை மட்டும் லோன்ல (தற்காலிகமா வேற கிளப்புக்கு) அனுப்புங்க, கணக்கு சரி.

சாம்பியன்ஸ் லீக்ல (ஐரோப்பிய கிளப்புகளுக்கான போட்டி) இதே கணக்கைப் போட்டா மாட்டிக்குவீங்க. அங்க 25 பேருக்கு வெளியே இளம் வீரர்களைப் பதியுற 'பி' பட்டியலுக்கு வயசு மட்டும் போதாது. 15 வயசுக்கப்புறம் உங்க கிளப்லயே தொடர்ந்து 2 வருஷம் இருந்திருக்கணும். போன வருஷம் வாங்கின பிரேசில் பசங்களுக்கு 25 பேர் அடங்கின 'ஏ' பட்டியல்லதான் இடம் ஒதுக்கணும். அந்த 25லயும் 4 இடம் கிளப்லயே வளர்ந்தவங்களுக்கு. ரெண்டு பேர்தான் இருக்காங்கன்னா பட்டியல் 23ஆ சுருங்கிடும்.

பையனுக்கு 17 முடிஞ்ச அன்னைக்கே தொழில்முறை ஒப்பந்தம் நீட்டுங்க. 18க்குக் கீழ 3 வருஷம்தான் உச்சம். ஏஜென்ட் ரிலீஸ் க்ளாஸ் (குறிச்ச தொகையை வேற கிளப் கொடுத்தா வீரரை விட்டுடணும்ங்கிற நிபந்தனை) கேட்டா, சம்பளத்தைக் கொஞ்சம் ஏத்திக் கொடுத்தாவது அந்த நிபந்தனையை நீக்கிடுங்க. லோன் அனுப்பினா இங்கிலாந்துக்குள்ளயே அனுப்புங்க. வெளிநாட்டுல கழிக்கிற காலம் ஹோம்குரோனுக்கான 3 வருஷத்துல சேராது.

ஓசூர் ஷிப்ட் முடிச்சுட்டு ராத்திரி ஆடுறேன்னீங்க. பதிவுக் கடைசி நாளுக்கு முன்னாடியே ஒரு சேவ் எடுத்து வைங்க.