நாடாவும் சிலுவையும்: பழைய ஜெர்மன் ராணுவப் படங்களைப் படிப்பது எப்படி?

பழைய படங்களை அனுப்பி "இது என்ன பதக்கம்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பதக்கத்தை மட்டும் வெட்டி அனுப்புகிறார்கள். தயவுசெய்து முழுப் படத்தையும் அனுப்புங்கள். ஒரு பதக்கத்தை அதன் வடிவத்தைவிட, அது சீருடையில் இருக்கும் இடமே விரைவாகக் காட்டிக்கொடுக்கும். வாசகர்களின் கேள்விகளும் என் பதில்களும் இதோ.

ஸ்டுட்கார்ட்டில் பழைய சாமான் சந்தையில் ஒரு அதிகாரியின் படம் வாங்கினேன். இடது மார்பில் நாடா இல்லாத சிலுவை. சட்டையின் பொத்தான் துளையில் ஒரு கோடு போட்ட நாடா. இவை தனித்தனிப் பதக்கங்களா?

ஒரே விருதின் இரண்டு வகுப்புகள். இடது மார்பில் ஊசியால் குத்தப்பட்டிருப்பது முதல் வகுப்பு இரும்புச் சிலுவை. துளையில் இருப்பது இரண்டாம் வகுப்பின் நாடா. சிலுவையை வழங்கிய நாளில் அணிந்துவிட்டு, பிறகு நாடாவை மட்டும் செருகிக்கொள்வதே வழக்கம். உருப்பெருக்கியில் சிலுவையின் நடுவைப் பாருங்கள். மேலே கிரீடம், நடுவில் 'டபிள்யூ' எழுத்து, கீழே 1914 என்றிருந்தால் முதல் உலகப் போர். நடுவில் ஸ்வஸ்திகாவும் கீழே 1939 என்ற எண்ணும் இருந்தால் இரண்டாம் போர். 1914 சிலுவைக்கு மேலே சிறகு விரித்த கழுகுச் சின்னம் ஒன்று தனியாகக் குத்தப்பட்டிருந்தால், அவர் இரண்டு போர்களிலும் அதைப் பெற்றவர். அப்படிப்பட்ட படத்தை 1939-க்கு முந்தையது என்று சொல்ல வழியே இல்லை.

நாடா மட்டும்தான் தெரிகிறது, அதுவும் கறுப்பு வெள்ளையில். எந்தப் போர் என்று சொல்ல முடியுமா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். அதிகம் தவறாகப் பதில் சொல்லப்படுவதும் இதுதான். மூன்று நாடாக்களை நினைவில் வையுங்கள். 1914 இரும்புச் சிலுவையின் நாடா கறுப்பு. ஓரங்களை ஒட்டி இரண்டு வெள்ளைக் கோடுகள், அதற்கு வெளியே மெல்லிய கறுப்பு விளிம்பு. 1939 நாடாவின் நடுவில் அகலமான சிவப்பு, இருபுறமும் வெள்ளை, ஓரங்களில் கறுப்பு. 1939 அக்டோபரில் தொடங்கப்பட்ட போர்ச்சேவைச் சிலுவையின் நாடா இதைத் தலைகீழாக்கியது: நடுவில் கறுப்பு, ஓரங்களில் சிவப்பு.

சிக்கல் ஃபிலிமில் இருக்கிறது. அக்காலத்தில் பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது. சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாகப் பதியும், நீலம் வெளிறிப்போகும். அப்படி எடுத்த படத்தில் மூன்று நாடாக்களும் 'கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு' என்றே தோன்றும். பான்குரோமாட்டிக் ஃபிலிமில் சிவப்பு நடுத்தரச் சாம்பலாகத் தெரியும். நடுப்பகுதி சாம்பல், ஓரம் கறுப்பு என்றால் 1939 இரும்புச் சிலுவை. நடுப்பகுதி கறுப்பு, ஓரம் சாம்பல் என்றால் போர்ச்சேவைச் சிலுவை.

எந்த ஃபிலிம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? முகத்தைப் பாருங்கள். உதடுகள் கருத்து, நீலக் கண்கள் கண்ணாடிபோல் வெளிறி, வானம் வெள்ளையாய்க் கிடந்தால் ஆர்த்தோவைச் சந்தேகியுங்கள். ஜெனரல்களின் கழுத்துப்பட்டை பளிச்சென்ற சிவப்பு. படத்தில் அது கன்னங்கரேலென்று இருந்தால் சந்தேகம் உறுதியாகிவிடும். அத்தகைய படத்தில் நிறத்தை நம்பாமல் விளிம்பின் அகலத்தையும் சீருடையையும் வைத்தே முடிவெடுங்கள். இணையத்தில் உலவும், மென்பொருளால் வண்ணமேற்றிய நகல்களை ஆதாரமாகக் காட்டாதீர்கள். அந்தச் சிவப்பு யாரோ ஊகித்துப் பூசிய சிவப்பு. காப்பக முத்திரையோடு இருந்தாலும் அது சாட்சியாகாது.

அதே துளையில், பெரும்பகுதி ஒரே நிறமாகவும் நடுவில் மட்டும் மெல்லிய வெள்ளை-கறுப்பு-வெள்ளைக் கோடாகவும் இரண்டாவது நாடா இருந்தால், அது 1941-42 குளிர்காலத்தில் ரஷ்யப் போர்முனையில் இருந்தவர்களுக்குத் தரப்பட்ட பதக்கம். அது 1942 மே 26-இல்தான் தொடங்கப்பட்டது. படமும் அதற்குப் பிந்தையதே.

வலது மார்பில் பெரிய நட்சத்திரம் இருக்கிறது. படம் இடவலம் மாறிவிட்டதா?

மாறியிருக்கலாம், முதலில் அதைச் சோதியுங்கள். ஆண்களின் சட்டையில் இடப்பக்கம்தான் மேலே மடியும். தரைப்படைச் சீருடையின் கழுகு அணிந்தவரின் வலது மார்பில் இருக்கும். இவை இரண்டும் சரியாக இருந்தால், அது 1941 செப்டம்பர் 28-இல் உருவாக்கப்பட்ட 'ஜெர்மன் சிலுவை'. பெயர் சிலுவை; பார்வைக்கு நடுவில் ஸ்வஸ்திகா கொண்ட எண்முனை நட்சத்திரம். வலது மார்பில் அணிவதுதான் அதன் முறை.

காயமடைந்தவர்களுக்கான சின்னம் தங்கமா, வெள்ளியா?

கறுப்பு, வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைகள். ஒன்றிரண்டு முறை காயம்பட்டால் கறுப்பு, மூன்று நான்கு முறை என்றால் வெள்ளி, அதற்கு மேல் தங்கம். கறுப்பைப் பிரித்தறியலாம். வெள்ளியையும் தங்கத்தையும் கறுப்பு வெள்ளைப் படத்தில் பிரிக்க முடியும் என்பவரை நம்பவேண்டாம்.

சிலுவையின் நடுவில் மூன்று ஓக் இலைகள், கீழே 1939. போலியா?

இல்லை. நாஜி கால விருதுகளை ஸ்வஸ்திகா இல்லாமல் அணியலாம் என்று மேற்கு ஜெர்மனி 1957-இல் சட்டம் இயற்றியது. அதன்படி செய்யப்பட்ட வடிவம் அது. படத்தில் இருப்பவர் போருக்குப் பிந்தைய ராணுவத்தில் பணியாற்றியவராக இருக்கக்கூடும்.

சென்னை மீது குண்டு வீசிய எம்டன் கப்பலின் தளபதி கார்ல் ஃபான் முல்லரின் சில படங்களில் கழுத்தில் ஒரு சிலுவை இருக்கிறது, சிலவற்றில் இல்லை. ஏன்?

கழுத்தில் இருப்பது 'பூர் லெ மெரீத்'. நீல எனாமல் பூசிய சிலுவை. கைகளுக்கு இடையே கழுகுகள். 1740-இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் தொடங்கிய இந்த விருதின் ராணுவப் பிரிவு 1918-இல் முடியாட்சியோடு முடிந்தது. எம்டன் சென்னையைத் தாக்கியது 1914 செப்டம்பர் 22 இரவு. முல்லருக்கு அந்த ஆண்டு இரும்புச் சிலுவைதான் கிடைத்தது. பூர் லெ மெரீத் 1918 மார்ச்சில் வந்தது. கழுத்தில் அது தெரியும் படத்துக்குக் கீழே 'சென்னையைத் தாக்கிய நாட்களில்' என்று எழுதியிருந்தால், அந்தக் குறிப்பை அடித்துவிடலாம்.

பதக்கங்களை வைத்து ஆளின் பெயரைக் கண்டுபிடிக்க முடியுமா?

இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவையை வைத்து முடியாது. முதல் போரில் மட்டும் ஏறத்தாழ 50 லட்சம் பேருக்கு அது வழங்கப்பட்டது. இரண்டாம் போரில் தரப்பட்ட, கழுத்தில் அணியும் 'ரிட்டர்க்ரோய்ட்ஸ்' (இரும்புச் சிலுவையின் உயர்ந்த நிலை) என்றால் பெற்றவர்கள் சுமார் 7,300 பேர், தேடலாம். ஆனால் அது நெகடிவ் மீது பிறகு வரைந்து சேர்க்கப்பட்டதா என்று நிழலைப் பாருங்கள். அப்படிச் செய்வது அப்போது சாதாரணம்.

அதைவிடப் படத்தின் பின்பக்கம் உதவும்: ஸ்டுடியோ முத்திரை, ஊர், களத் தபால் எண். இரண்டாம் போர் என்றால் பெர்லினில் உள்ள ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். வீரர்களைப் பற்றிய பழைய தகவல் அலுவலகத்தின் ஆவணங்கள் 2019 முதல் அதன் பொறுப்பில் இருக்கின்றன. முதல் போரில் பிரஷ்யப் படையினர் என்றால் வழி குறுகலானது. போட்ஸ்டாமில் இருந்த அவர்களின் ஆவணங்களில் பெரும்பகுதி 1945 ஏப்ரல் குண்டுவீச்சில் எரிந்துவிட்டது. பவேரியப் படையினராக இருந்தால் மியூனிக்கில் உள்ள போர் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். அங்கே படைப்பிரிவுப் பட்டியல்கள் தப்பியிருக்கின்றன.