குழந்தைக்கு மெடிக்கெய்டு வாங்கினால் கிரீன் கார்டு கிடைக்காதா?

கேள்வி: அமெரிக்காவில் ஆய்வு மாணவராக இருக்கிறேன். இங்கே பிறந்த மகளுக்கு ஒன்பது மாதம். அவளுக்கு மெடிக்கெய்டு, அதாவது வருமானம் குறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு வாங்கினால், பிற்பாடு என் கிரீன் கார்டு மனுவை 'பப்ளிக் சார்ஜ்', அதாவது அரசுக்குச் சுமை என்று சொல்லித் தள்ளிவிடுவார்களா? இந்தப் பயத்தில் தடுப்பூசியும் தள்ளிப்போகிறது.

பதில்: தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் மகள் அமெரிக்கக் குடிமகள். அவள் பெயரில் வாங்கும் மெடிக்கெய்டு உங்கள் கணக்கில் ஏறாது. 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்து மறு ஆண்டு மார்ச்சில் விலக்கப்பட்ட கடுமையான பப்ளிக் சார்ஜ் விதிகூட 21 வயதுக்குட்பட்டோரின் மெடிக்கெய்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. அன்று கிளம்பிய பயம்தான் பலரை இன்னும் விடவில்லை.

2022 டிசம்பர் 23 முதல் உள்ள விதிப்படி அரசு உதவிகளில் பார்க்கப்படுபவை இரண்டே: மனு செய்பவர் தன் பெயரில் வாங்கும் எஸ்.எஸ்.ஐ. (வருமானம் குறைந்த முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவித்தொகை) போன்ற ரொக்க உதவி. அரசுச் செலவில் பராமரிப்பு இல்லத்தில் நீண்டகாலம் தங்குவது. இந்த விதியை நீக்க 2025 நவம்பரில் அரசு முன்மொழிந்தது. ஆகவே மனு போடும் வாரத்தில் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில்தான் பலர் தவறுகிறார்கள். 'யாருக்குக் காப்பீடு வேண்டும்' என்ற இடத்தில் மகளுக்கு மட்டும் 'ஆம்' என்று குறியுங்கள். குடும்ப வருமானத்தைக் காட்டியாக வேண்டும். ஆனால் காப்பீடு கேட்காத பெற்றோர் தங்கள் விசா நிலையைச் சொல்லத் தேவையில்லை. பிறகு வரும் கடிதத்தில் பயனாளி என்று மகள் பெயர் மட்டும் இருக்கிறதா என்று பார்த்து, பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: 67 வயது அம்மாவை கிரீன் கார்டில் அழைத்து வந்து ஒரு மாதம் ஆகிறது. மெடிக்கெய்டு கிடைக்குமா?

பதில்: 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாக ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான அவசரச் சிகிச்சைக்கு மட்டும், வருமானத் தகுதி இருந்தால், விலக்கு உண்டு. 65 வயதைத் தாண்டியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேரை விலைக்கு வாங்கவும் ஐந்தாண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். அதுவரை மார்க்கெட்பிளேஸ், அதாவது அரசு நடத்தும் காப்பீட்டுச் சந்தையில் வாங்கும் தனியார் காப்பீடுதான் வழி. கிரீன் கார்டு கிடைத்த 60 நாளுக்குள் பதியுங்கள். தவறினால், ஆண்டுதோறும் எல்லோருக்குமான பதிவு தொடங்கும் நவம்பர் 1 வரை காத்திருக்க நேரும். அம்மா ஊருக்குப் போனால் 180 நாளுக்குள் திரும்பிவிடட்டும். அதைத் தாண்டினால் புதிதாக வருபவராகக் கருதி, பப்ளிக் சார்ஜ் கேள்வியை விமான நிலையத்திலேயே எழுப்ப இடமுண்டு.