படத்தில் இருப்பது கான் மணிக்கூட்டுக் கோபுரம் இல்லை

உங்கள் அப்பப்பாவின் பழைய படம் எடுக்கப்பட்ட இடத்தைத் தேடுவதாகக் கேட்டிருந்தீர்கள். அதில் இருப்பது கொழும்புக் கோட்டைப் பகுதியின் மணிக்கூட்டுக் கோபுரம். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு புறக்கோட்டையில் இரண்டு நாள் அலைந்தும் தெரு பொருந்தவில்லை என்றால், காரணம் இதுதான்: படத்தின் பின்புறம் வெறுமனே 'மணிக்கூடு, கொழும்பு' என்றுதானே இருக்கிறது? பலரும் புறக்கோட்டையில் இருக்கும் கான் கோபுரத்தைத்தான் நினைப்பார்கள்.

உச்சியைப் பெரிதாக்கிப் பாருங்கள். மணிக்கூட்டுக்கு மேலே கண்ணாடிக் கூண்டு மாதிரி தெரிந்தால் அது விளக்கறை. கோட்டைக் கோபுரம் வெளிச்சவீடாகவும் இருந்தது. சுற்றிலும் கட்டடங்கள் உயர்ந்து வெளிச்சத்தை மறைத்ததால் 1952-இல் அந்த வேலையை விட்டது. கான் கோபுரத்துக்கு அந்தக் கூண்டு கிடையாது. அது 1923-இல் ஒரு பார்சிக் குடும்பம் தந்தையின் நினைவாகக் கட்டியது.

சரி, நிற்க வேண்டிய இடம்: சதாம் வீதி ஜனாதிபதி மாவத்தையைச் சந்திக்கும் முனை. பழைய படங்களில் ஜனாதிபதி மாவத்தையின் பெயர் ராணி வீதி.

அங்கேயும் இடம் வலம் மாறித் தெரிந்தால், படம் கண்ணாடிப் பிம்பமாக அச்சாகியிருக்கலாம். கடைப் பெயர்ப்பலகையின் எழுத்துகள் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். நான் ஒருமுறை இதைப் பார்க்காமல் அரை நாள் எதிர்ப்பக்க நடைபாதையில் வெயில் காய்ந்தேன்.

ஒன்று: அஞ்சலட்டை என்றால் தபால் முத்திரையின் ஆண்டை நம்பாதீர்கள், ஒரே படத்தைப் பல வருடம் அச்சடித்து விற்றார்கள். அப்புறம், அந்தப் பக்கம் ஜனாதிபதி மாளிகை இருக்கிறது. கமராவை எடுக்கும் முன் காவலில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.