ஒரு நட்சத்திரமும் இரண்டு ரவிக்கையும்

வணக்கம் சார். எங்கள் தெருவில் ஒரு அக்கா புதிதாகத் தையல் கடை போட்டிருக்கிறார். தீபாவளிக்கு மூன்று ரவிக்கை கொடுத்தேன். ஒன்று கச்சிதமாக இருந்தது, மற்ற இரண்டிலும் கை இறுக்கம். மூன்றும் கைக்கு வந்ததே முதல் நாள் ராத்திரி பத்து மணிக்குத்தான். கோபத்தில் கூகுளில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டேன். அதுவரை ஏழு பேர் போட்டிருந்தார்கள், எல்லாமே ஐந்து. இப்போது அந்தக் கடையைத் தாண்டிப் போகவே சங்கடமாக இருக்கிறது. நான் செய்தது தப்பா?
(பெயர் வேண்டாம்), திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

கோபம் நியாயம்தான். பண்டிகைத் துணியை ராத்திரி பத்து மணிக்கு வாங்கிப் போட்டுப் பார்த்து, கை ஏறவில்லை என்றால் யாருக்குத்தான் வராது? ஆனால் கணக்கைப் பாருங்கள். ஏழு ஐந்தும் உங்கள் ஒன்றும் சேர்ந்து சராசரி 4.5. இதையே எழுநூறு பேர் ஐந்து போட்ட பெரிய கடைக்குப் போட்டிருந்தால் அங்கே ஈ கூட அசைந்திருக்காது. (அந்த ஏழில் நாலு பேர் அக்காவின் சொந்தக்காரர்களாக இருக்கலாம், அது வேறு.)

நீங்கள் மூன்று ரவிக்கையை மூன்று அனுபவமாக எண்ணுகிறீர்கள். எனக்கு அது ஒன்றுதான், அதுவும் தீபாவளி வாரத்து ஒன்று. அந்த வாரத்தில் பல கடைகளில் வெட்டுவது மட்டும்தான் கடைக்காரர், தைப்பது பீஸ் கணக்கில் வேறொருவர், கொக்கி வைப்பதும் எம்மிங் பண்ணுவதும் பக்கத்து வீடு. உங்கள் அக்கா எப்படி என்று தெரியாது. ஆனால் அவருக்கு அளவெடுக்கவே தெரியாது என்றால் மூன்றிலுமே கை இறுகியிருக்கும், ஒன்று இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது.

நானும் இந்தத் தப்பைப் பண்ணியவன். ஒரு சட்டை, இரண்டு சலவையில் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டது. தைத்தவருக்கு அளவே தெரியாது என்று ஆபீஸில் நாலு பேரிடம் சொல்லி, அவரிடம் போவதையும் நிறுத்திவிட்டேன். அப்புறம் மீதித் துணியை வேறொருவரிடம் கொடுத்துப் பையனுக்குத் தைத்தால், அதுவும் சுருங்கிப்போச்சு. பருத்தித் துணியை நனைத்துக் காயவைக்காமல் தைக்கக் கொடுத்தது நான். நாலு பேரிடம் சொன்னதை ஒருவரிடமாவது திருத்திச் சொன்னேனா என்றால், இல்லை.

அதற்காக எல்லாவற்றுக்கும் பத்துத் தடவை பார்க்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். பேசிய கூலியைத் துணி வாங்கும்போது ஏற்றினால், மீதித் துணியை அமுக்கினால், ஒரு தடவையே போதும், தாராளமாக எழுதுங்கள். அது கைத்தவறு இல்லை. கை இறுக்கம் அந்த ரகமா?

தாமதத்தை நான் மன்னிக்கவில்லை. முடியாத வேலையை வாங்கிப் போட்டது அவர் தப்பு, அது அப்படியே இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் ஒன்று மட்டும் இல்லை. ரவிக்கையைத் திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினீர்களா? எனக்குத் தையற்காரரைப் பற்றித் தெரிய வேண்டியது அங்கேதான் இருக்கிறது. முகம் சுளிக்காமல் வாங்கிப் பிரித்துத் தருகிறாரா, இல்லை ‘நீங்கதான் சதை போட்டுட்டீங்க’ என்கிறாரா? அதைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். போட்ட நட்சத்திரத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். இப்போதைக்கு நட்சத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன் கீழே ‘தீபாவளி வாரம், மூன்றில் இரண்டில் கை இறுக்கம், முதல் நாள் இரவு கிடைத்தது’ என்று நடந்ததை மட்டும் எழுதி வையுங்கள், படிக்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள்.

ரவிக்கையை உள்பக்கம் திருப்பிக் கைப்பகுதியின் தையலைப் பாருங்கள். அரை இன்ச் துணி விட்டிருந்தால் பிரித்துவிடலாம். மார்கழியில் கொண்டுபோங்கள், கல்யாண வேலை இருக்காது. தை பிறந்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது.